பழகிடுச்சு சார்!

மே மாதம். அக்னி நட்சத்திரம் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. காலை எட்டு மணிக்கே ஒரகடம் கூட்டுரோட்டில் தார் இளக ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்தும், சிங்கபெருமாள் கோவில் பக்கமிருந்தும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து, நைட் ஷிஃப்ட் முடித்தவர்களை உதிர்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. டீக்கடையில் எல்லோரும் தகரக் கூரையின் நிழலுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒரு பையன் மட்டும் வெளியே, வெயில் நேராக விழும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். போட்டிருந்தது ஜெர்கின். கழுத்து வரை ஜிப் ஏற்றியிருந்தான்.

"என்ன தம்பி, காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். கோல்டு ஸ்டோரேஜ்ல வேலை. உள்ள மைனஸ் இருபது. இப்பத்தான் வெளிய வந்தேன்."

ஐஸ்க்ரீம், உறைய வைத்த பட்டாணி, கோழி, மீன். வண்டியிலிருந்து இறக்கி உள்ளே அடுக்க வேண்டும். உள்ளேயிருந்து எடுத்து வண்டியில் ஏற்ற வேண்டும். தடியான கோட்டு, கையுறை, பூட்ஸ் எல்லாம் தருகிறார்கள். இருந்தும் விரல் நுனியும் மூக்கும் மரத்துப்போகும் என்றான். சொந்த ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"கஷ்டமா இல்லையா?"

"மொத மாசம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்பப் பழகிடுச்சு சார்."

டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இந்த வார்த்தையை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். மின்சார ரயிலில் ஒற்றைக் காலில் நின்றபடி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தபடி, கோபக்கார மேலதிகாரியின் அறையிலிருந்து வெளியே வந்தபடி. 'பழகிடுச்சு.' நம்மை மிகவும் பாராட்ட வைக்கும் வார்த்தையும் இதுதான். "எங்க போட்டாலும் பொழைச்சுக்குவான்" என்று மாப்பிள்ளைக்கு நற்சான்றிதழே கொடுக்கிறோம். "அட்ஜஸ்ட் பண்ணிப் போற பொண்ணு" என்று சொல்லித்தான் பெண்ணைக் கொடுக்கிறோம், எடுக்கிறோம்.

ஆனால் பழகிக்கொள்வது உண்மையிலேயே ஒரு நற்குணமா? அந்தப் பையன் பெஞ்சை விட்டு எழுந்து போன பிறகும் இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் உடம்பைப் பார்ப்போம். குளிருக்கு மனிதன் பழகுகிறான் என்றால் என்ன நடக்கிறது? பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பதுதான் நிஜம். உடம்பின் உள்சூடு 37 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அதில் பேரமே கிடையாது. அடிக்கடி குளிரில் இருப்பவர்களுக்கு நடுக்கம் குறைகிறது, குளிர்கிற உணர்வு மட்டுப்படுகிறது. அவ்வளவுதான். குளிர் குறையவில்லை, 'குளிருது, குளிருது' என்று அடிக்கிற மணியின் சத்தம்தான் குறைந்திருக்கிறது. திருடன் வந்தபடிதான் இருக்கிறான். நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. இதற்குப் பெயர்தான் பழகிடுச்சு!

அப்படியானால் நிஜமாகவே குளிருக்குப் பழகிய ஜீவன் ஏதாவது உண்டா? உண்டு. அதுவும் நமக்கு நன்றாகத் தெரிந்த குடும்பத்துக்காரர்தான்.

முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பட்டால் அரிக்கும், பார்த்தாலே அரிப்பது போல இருக்கும். அதே மாதிரி உடம்பெல்லாம் ரோமம் உள்ள ஒரு கம்பளிப்பூச்சி, கனடாவின் வடகோடியிலும் கிரீன்லாந்திலும் இருக்கிறது. அந்தப் பிரதேசத்துக்குத் தூந்திரம் என்று பூகோளப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மரமே கிடையாது. மேல்மண்ணுக்குக் கீழே பூமி எப்போதும் உறைந்தே கிடக்கும். கோடை என்று பேருக்குச் சில வாரங்கள் எட்டிப்பார்க்கும். அங்கே தரையோடு தரையாகப் படரும், சில அங்குலமே உயரமுள்ள வில்லோ செடியின் தளிர்தான் இந்தப் புழுவுக்குச் சாப்பாடு.

நம் ஊரில் ஒரு புழு சில வாரங்களில் தின்று கொழுத்துக் கூடு கட்டி, பட்டாம்பூச்சியாகவோ அந்துப்பூச்சியாகவோ பறந்துவிடும். வடகோடிக் கம்பளிப்பூச்சிக்கு அதற்குச் சுமார் ஏழு வருஷம் ஆகிறது. முதலில் பதினாலு வருஷம் என்றுகூடக் கணக்குப் போட்டார்கள். 1990-களின் கடைசியில் நடந்த ஆய்வு அதை ஏழாகக் குறைத்தது. ஏழு வருஷம் என்பதே ஒரு புழுவுக்கு யுகம்தான். ஒவ்வொரு வருஷமும் சில வாரம் தின்னும். பிறகு ஒரு பட்டுப் போர்வையைப் பின்னிக்கொண்டு கல்லிடுக்கில் படுத்துவிடும். குளிர்காலத்தில் உடம்பு உறைந்துபோகும். உறைந்து என்றால் உவமைக்குச் சொல்லவில்லை. உடம்புக்குள் நிஜமாகவே ஐஸ் கட்டும். மைனஸ் 70 டிகிரி வரைகூடத் தாங்கும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த கோடையில் வெயில் பட்டதும் உருகி, எழுந்து, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கும். ஆயுளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உறைந்த நிலையிலேயே போகிறது.

எப்படிச் சாகாமல் இருக்கிறது? தண்ணீர் உறையும்போது ஊசி ஊசியாகப் படிகங்கள் உண்டாகும். உயிரணுவுக்குள் அப்படி உண்டானால் சவ்வு கிழிந்துவிடும். அதனால் இந்தப் புழு, குளிருக்கு முன்பே தன் உடம்பில் கிளிசரால் என்ற பொருளைத் தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. மார்கழியில் உதட்டு வெடிப்புக்குத் தடவுகிறோமே, அதே கிளிசரின்தான். ஐஸ் உயிரணுக்களுக்கு வெளியே மட்டும் கட்டும், உள்ளே கட்டாது. ஒரகடம் கார் ஆலைகளில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இது உடனே புரியும். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றுகிறார்கள் அல்லவா? அதில் கலந்திருக்கும் கிளைக்கால், கிளிசராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. புழு அதோடு நிற்பதில்லை. உயிரணுக்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்புகளையும் குறைத்துவிடுகிறது. ஊருக்குப் போகும்போது கேஸ் சிலிண்டரை மூடி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறோமே, அது மாதிரி.

இதுதான் பழகுவது. இதற்கு எத்தனையோ ஆயிரம் தலைமுறைகள் பிடித்திருக்கின்றன. வழியில் தாங்காமல் செத்தவற்றுக்குக் கணக்கே இல்லை. ஒரு மாசத்தில் பழகிவிட்டதாகச் சொல்லும் பையனின் பழக்கத்துக்கும் இதற்கும் ஒரே வார்த்தையை உபயோகிப்பது புழுவுக்கும் நியாயமில்லை, பையனுக்கும் நியாயமில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு நீதி சொல்வார்கள். 'பார்த்தாயா, ஒரு புழுவே ஏழு வருஷம் பொறுமையாக இருக்கிறது. உனக்கென்ன கேடு?' பயிற்சி வகுப்புகளில் கைதட்டல் வாங்கித் தரும் நீதி. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் முக்கியமான ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள்.

புழுவுக்குக் கிடைப்பது வருஷத்தில் சில வாரங்கள். அதற்குள் தின்றாக வேண்டும், வளர்ந்தாக வேண்டும். நீங்களோ நானோ அதற்கு மேனேஜராக இருந்தால் என்ன சொல்வோம்? 'ஒரு நிமிஷம் வீணாக்காதே. இருபத்து நாலு மணி நேரமும் வெளிச்சம் இருக்கிறதல்லவா, ஓ.டி. பார்த்துத் தின்னு' என்போம். எல்ஸ்மியர் தீவில் 1980-களில் இந்தப் புழுக்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தவர்கள் வேறு கணக்கைச் சொல்கிறார்கள். விழித்திருக்கும் காலத்தில் சுமார் 60 சதவீதத்தைப் புழு வெயில் காய்வதிலேயே செலவழிக்கிறது. தின்பதற்குச் சுமார் 20 சதவீதம். நடப்பதற்கு மீதி 20.

சோம்பேறித்தனம் இல்லை. வெயிலில் கிடந்து உடம்பைச் சூடேற்றினால்தான் தின்றது செரிக்கும், செரித்தால்தான் வளரும். அதன் கணக்கில் வெயில் காய்வதும் வேலைதான். இன்னொன்றும் கவனியுங்கள். கோடை முழுக்க அது தின்பதில்லை. இன்னும் வெயில் பாக்கி இருக்கும்போதே, ஜூன் மாசக் கடைசிவாக்கில், போதும் என்று நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் போய்விடும். வெளியே சுற்றச் சுற்ற, அதன் உடம்பில் முட்டையிடும் ஒட்டுண்ணி ஈக்களுக்கும் குளவிகளுக்கும் இரையாகும் ஆபத்து கூடும். எது வரைக்கும் உழைக்க வேண்டும் என்று புழுவுக்குத் தெரிந்திருக்கிறது.

உறைவதைத் தாங்கும் சக்தியை மட்டும் பாராட்டிவிட்டு, அந்தச் சக்தியைக் கொடுத்த வெயிலை மறைத்துவிடுவது பாதிக் கதை. பாதிக் கதையிலிருந்து முழு நீதி எடுக்க முடியாது.

பழகுவதற்கு விலையும் உண்டு. 1984-ல் ஷிரோ கோஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர், நேபாளத்தில் யாலா என்ற பனியாற்றின் மேல் ஒரு பூச்சியைக் கண்டுபிடித்து எழுதினார். ஸ்ரீபெரும்புதூர் ஏரிப் பக்கம் சாயங்காலத்தில் தெருவிளக்கை மொய்க்கும், கொசு மாதிரி இருந்தும் கடிக்காத பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உறவுதான் இது. சிறகு குன்றிப்போய்ப் பறக்க முடியாது. மைனஸ் 16 டிகிரியிலும் பனி மேல் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. பரவாயில்லையே என்று உள்ளங்கையில் எடுத்து வைத்தால் போச்சு. நம் கைச்சூடே அதற்குத் தாங்காது. குளிரோடு அவ்வளவு ஒன்றிப்போய்விட்டது. பனியாறு இருக்கும்வரை அது ராஜா. பனியாறு உருகிவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

வடதுருவப் பகுதி 1979 முதல் உலக சராசரியைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது என்று 2022-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. தப்பான நேரத்தில் வருகிற சூடு கம்பளிப்பூச்சிக்கும் நல்லதில்லை. உறைந்து கிடக்க வேண்டிய நேரத்தில் உருகினால், அணைத்து வைத்த அடுப்பு எரிந்து, சேமித்த கொழுப்பு கரையும். நாம் பழகிக்கொண்டுவிட்டோம் என்பதற்காக இடம் அப்படியே இருந்துவிடுவதில்லை.

இதை ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2006-ல் இங்கே நோக்கியா செல்போன் ஆலை தொடங்கியபோது, பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் தூரத்து மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தார்கள். ஏ.சி. ஹாலுக்கும், நின்றுகொண்டே பார்க்கும் வேலைக்கும், ஷிஃப்டுக்குத் தகுந்த தூக்கத்துக்கும் பழகினார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. சில வருஷம் கழித்து வேறொரு நிறுவனம் அதே வளாகத்துக்கு வந்தது வாஸ்தவம்தான். நடுவில் போன வருஷங்கள் யாருக்காகவும் உறைந்து காத்திருக்கவில்லை.

இன்னொரு பூச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதைப் பார்க்க வடதுருவம் போக வேண்டாம். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போனால் காஞ்சிபுரம். அங்கே ஒவ்வொரு தறியிலும் அதன் எச்சில் நூலாக ஓடுகிறது.

பட்டுப்பூச்சியில் ஒரு வகை, குளிர்காலத்தைத் தாண்டுவதற்கென்றே உறங்கும் முட்டை போடும். முட்டை உறங்க வேண்டும் என்று தீர்மானிப்பது தாயின் உடம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோன். 1951-லேயே ஜப்பானில் இதைக் கண்டுபிடித்தார்கள். உறங்கும் முட்டைக்குள்ளும் அதே தந்திரம்தான்: சேமித்த மாவுச்சத்தைக் கிளிசராலாகவும் சார்பிட்டாலாகவும் மாற்றி வைத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இந்த முட்டைகளுக்குக் குளிர் படாவிட்டால் ஒழுங்காகப் பொரிக்காது. அதனால் முட்டை தயாரிப்பவர்கள் அவற்றைக் குளிர் அறையில் ஐந்து டிகிரி, இரண்டரை டிகிரி என்று படிப்படியாக வைக்கிறார்கள். நாலு மாசத் திட்டம், ஆறு மாசத் திட்டம், பத்து மாசத் திட்டம் என்று அட்டவணையே உண்டு. எப்போது எழுப்ப வேண்டும் என்பது மல்பெரி இலை எப்போது தயார் என்பதைப் பொறுத்தது. அதாவது, பூச்சி தன் பிழைப்புக்காகச் சம்பாதித்த உறக்கம் இப்போது நம் சௌகரியத்துக்கு ஒரு சுவிட்சாகிவிட்டது.

சீனாவில் சுமார் ஐயாயிரம் வருஷத்துக்கு முன்பு மனிதனோடு பழக ஆரம்பித்த பூச்சி அது. உலகத்திலேயே இதைப் போல 'அட்ஜஸ்ட்' செய்துகொண்ட பூச்சி வேறு இருக்குமா, சந்தேகம். இலையைக் கொண்டுவந்து போட்டால் தின்னும். தானாகத் தேடிப் போகாது. கூட்டை உடைத்து வெளியே வரும் அந்துப்பூச்சிக்கு இறக்கை இருக்கிறது, பறக்கத் தெரியாது. அப்படி வெளியே வருவதற்கும் முட்டை போடுவதற்கென்று ஒதுக்கப்பட்ட கொஞ்சத்துக்குத்தான் அனுமதி. மீதியெல்லாம் கூட்டோடு வெந்நீருக்கு.

இப்போது இரண்டு பூச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் குளிரைத் தாங்குகின்றன. இரண்டின் உடம்பிலும் கிளிசரால். ஒன்று தன் வாழ்க்கைக்காகப் பழகியது. என்றைக்காவது ஒரு கோடையில் அதுவே சிறகு முளைத்து வெளியே வரும். இன்னொன்று அடுத்தவர் தேவைக்காகப் பழகியது. அதன் கோடை எப்போது என்பதையும் அடுத்தவரே முடிவு செய்வார்.

ஆகவே, பழகிக்கொள்வது நற்குணமா என்ற என் கேள்வியே கொஞ்சம் தப்பு என்று தோன்றுகிறது. யாருக்காகப் பழகுகிறோம், பதிலுக்கு என்ன கிடைக்கிறது, நிறுத்திக்கொள்ளும் உரிமை யாரிடம் இருக்கிறது. கேட்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

"சும்மா உபதேசம் பண்ணாதீங்க சார். அந்தப் பையனுக்கு வேற என்ன வழி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மழை பொய்த்தால் ஒன்றுமில்லாத மானாவாரி நிலத்தைவிட மாசம் பிறந்தால் பாங்க்கில் விழும் சம்பளம் பெரிசுதான். இந்தச் சாலையில் வந்த ஆலைகளால் எத்தனையோ ஓட்டு வீடுகள் மெத்தை வீடுகளாகியிருக்கின்றன. அக்காள் கல்யாணமும், தம்பியின் காலேஜ் பீஸும் இந்தக் குளிரிலிருந்து வந்தவைதான். அந்தப் பையனே சொன்னான், "இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டா கடன் முடிஞ்சுடும் சார். அப்புறம் ஊர்ல ஒரு கடை." அவனை நான் பரிதாபப்பட்டால் அது அவனுக்கு அவமானம். தன் வீட்டுக்காக ஒருவன் வேண்டுமென்றே தாங்கிக்கொள்கிற கஷ்டத்தில் கௌரவம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கௌரவம் அவனுடையது. அதை எடுத்து நாம் சௌகரியமாகப் போர்த்திக்கொள்ளக் கூடாது. 'அவங்களுக்கெல்லாம் பழகிடும்' என்று நாம் சொல்லும்போது நடப்பது அதுதான். தன்னைப் பற்றி ஒருவன் சொன்னால் அது தைரியம். அடுத்தவனைப் பற்றி நாம் சொன்னால் அது கைகழுவல். சாக்கடைக்குள் இறங்குகிறவரைப் பற்றியும், அனல் அடிக்கும் வார்ப்பட உலை முன்னால் நிற்பவரைப் பற்றியும், நம் வீட்டுச் சமையலறையில் நாற்பது வருஷமாக நிற்கிற அம்மாவைப் பற்றியும் இதையே சொல்லித்தான் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. புழு உறைந்தால் அதன் காலமும் சேர்ந்து நிற்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறது. மனிதனுக்கு அந்த வசதி இல்லை. 'ரெண்டு வருஷம் ஓட்டிட்டு அப்புறம் வாழலாம்' என்று நாம் தள்ளிப்போடும்போது அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. இருபத்திரண்டு வயசு இருபத்து நாலாகிறது. ஊரில் அப்பாவுக்கு நரை கூடுகிறது. தள்ளிப்போட்ட வருஷங்கள் பாங்க்கில் போட்ட பணம் மாதிரி திரும்பி வருவதில்லை. அதனால் நமக்கு அன்றன்றைக்கான வெயில் அன்றன்றைக்கே வேண்டும்.

டீ முடிந்ததும், "ரூமுக்குப் போய்த் தூங்கலையா?" என்று கேட்டேன்.

"போகணும் சார். ரூம்ல நாங்க ஆறு பேரு. ஜன்னலைத் திறந்தா பக்கத்துச் செவுரு. அதான் டெய்லி இங்க அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போறது. இந்த அரை மணி இல்லைன்னா முடியாது சார்."

'பழகிடுச்சு' என்று சொன்ன அதே வாய்தான் 'முடியாது' என்றும் சொன்னது. முதல் வார்த்தையை எல்லோரும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவது வார்த்தை காதில் விழ, கொஞ்ச நேரம் கூட உட்கார வேண்டியிருக்கிறது.

அடுத்த தடவை யாராவது உங்களிடம் 'பழகிடுச்சு' என்று சொன்னால் உடனே தட்டிக்கொடுத்துவிடாதீர்கள். உனக்கு வெயில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கேளுங்கள். அதைக் கூட்டிக் கொடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், ஒரு முதலாளியாகவோ, சூப்பர்வைசராகவோ, மேலதிகாரியாகவோ, கணவனாகவோ, மகனாகவோ இருந்தால், இன்னும் ஒரு அரை மணி கூட்டிக் கொடுங்கள்.

பெஞ்ச் காலியாகத்தான் இருக்கிறது.